மூடிக்குள் ஒரு தேதி

அந்த வீட்டுக்குள் கால் வைத்ததுமே சூடாமணி சுற்றுமுற்றும் பார்த்தாள். "வீட்ல பொம்பளைக இருக்காக, தைரியமா வாங்கம்மா" என்று போனில் சொல்லியிருந்தார் வெள்ளைத்துரை. வந்து பார்த்தால் ஓர் ஈ காக்கை இல்லை. கொட்டாம்பட்டி பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, தென்னந்தோப்புக்கு நடுவே தனியாக நின்ற வீடு. அவரே தன் டிவிஎஸ் ஐம்பதில் வந்து கூட்டிப்போனார். 

"வீட்டம்மா எங்கய்யா?"

"அழகர்கோயில் போயிருக்கா. பொழுது சாயத்தான் வருவா" என்றவர், அவள் பின்னாலேயே வந்து இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்திச் சங்கிலியைக் கோத்தார். "மாடு உள்ள வந்துரும்."

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. நல்ல வெயில். பட்டப்பகலில் என்ன வந்துவிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அவர் காட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சூடாமணிக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. மதுரையில் மகாலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். மயிரிழை கனமுள்ள சுருள்கம்பியை இடுக்கியால் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இடத்தில் வைக்கிற வேலை. புடவைக்கடையில் விற்பனையாளரான துளசிராமைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய பிறகு, வீட்டிலேயே வாட்ச் ரிப்பேர் பார்த்தாள். தொண்ணூறுகளின் கடைசியில் பேட்டரி வாட்ச் பெருகி ரிப்பேர் குறைந்தபோது, பழைய ஆட்டோமேட்டிக் வாட்சுகளைத் தேடி வாங்கிச் சென்னையில் சேகரிப்பவர் ஒருவருக்கு அனுப்பத் தொடங்கினாள். மாதத்துக்கு ஒருமுறை பேப்பரில் நாலு வரி விளம்பரம் கொடுப்பாள்.

அந்தச் சேகரிப்பாளருக்கு எல்லா வாட்சும் வேண்டாம். எழுபதுகளில் சிங்கப்பூர், மலேசியா, துபாய் போய்வந்தவர்கள் கட்டிவந்த கிரோனோகிராஃப்தான் வேண்டும். சாவி கொடுக்க வேண்டாம், கையசைவிலேயே ஓடும். அதோடு பக்கவாட்டில் இரண்டு பொத்தான் இருக்கும், மேலே அமுக்கினால் ஓட்டப்பந்தயத்தில் நேரம் பார்க்கிற மாதிரி நீள முள் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும், கீழே அமுக்கினால் பன்னிரண்டுக்குத் துள்ளித் திரும்பும். ஊரில் கிடைப்பதில் பாதிக்கு மேல் ஒட்டுப்போட்டவை. டயலுக்குப் பம்பாயில் புதுப் பெயிண்ட் அடித்திருப்பான், செத்த மூன்று வாட்சின் குடலை ஒரு கூட்டுக்குள் அடைத்திருப்பான். சூடாமணியை அப்படி ஏமாற்ற முடியாது.

தெரியாத வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது என்பது துளசிராம் போட்ட சட்டம். அன்றைக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மறுநாள் போகலாம் என்று அவளால் இருக்க முடியவில்லை. விளம்பரம் பார்த்துப் போன் பண்ணிய வெள்ளைத்துரை, "மஞ்ச டயலும்மா" என்று சொல்லிவிட்டார்.

மஞ்சள் டயல் என்றால் அவளுக்கு முத்துச்செல்வி ஞாபகம்தான் வரும்.

முத்துச்செல்வி வாடிப்பட்டிக்காரி, நூல் மில்லில் வேலை. அவள் புருஷன் நல்லகாமன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு, அங்கே பழைய சாமான் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய மஞ்சள் டயல் சீக்கோவோடு ஊர் திரும்பியவன். தொண்ணூற்றெட்டில் சூடாமணியிடம்தான் அதைச் சுத்தம் பண்ணக் கொடுத்தான். அடுத்த தை மாசம், கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கல்குவாரியில் எடைமேடை கிளார்க்காக இருந்தவன், வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்பவில்லை. கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டான் என்றது குவாரி. சிங்கப்பூருக்கே ஓடிவிட்டான் என்றது ஊர். போலீசில் எழுதிக் கொடுக்க வாட்ச் நம்பர் கேட்டு முத்துச்செல்வி வந்தாள். சூடாமணி தன் நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மூன்றரை வருஷமாக, ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் வந்து அதே கேள்வியைக் கேட்பாள். "அந்த வாச்சு எங்கிட்டாவது வித்துக் கித்து வந்துச்சாக்கா?"

அந்த மூன்றரை வருஷத்தில் பதினொரு மஞ்சள் டயல் பார்த்துவிட்டாள் சூடாமணி. பதினொன்றும் வேறு வேறு. இதுவும் வேறாகத்தான் இருக்கும் என்றுதான் பஸ் ஏறினாள்.

வெள்ளைத்துரை உள்ளே போய் ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தோடு வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். பனை மாதிரி ஆள். பொட்டலத்தை அவள் முன்னாலிருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு, தள்ளிப் போகாமல் எதிரிலேயே நின்றுகொண்டார்.

சூடாமணி பையிலிருந்து தன் சாமான்களை எடுத்து வைத்தாள். கண்ணில் இடுக்கிப் பார்க்கிற ஐகிளாஸ், பின்மூடி திறக்கிற சாவி, இடுக்கி, ஒரு சின்ன நோட்டு. நேரம் ஒப்பிட எப்போதும் கொண்டுபோகிற பழைய சாவி வாட்ச் ஒன்று பைக்குள்ளேயே கிடந்தது.

வாட்ச் ஓடவில்லை. ஆட்டோமேட்டிக்தானே, நாள்கணக்கில் கிடந்தால் நின்றுவிடும். டயலைப் பார்த்தாள். பெயிண்ட் அசல். கம்பெனி எழுத்து மழுங்காமல், ஓரம் பிசிறாமல் இருந்தது. பக்கவாட்டுத் திருகைத் திருப்ப, டயலைச் சுற்றிய உள்வளையம் சேர்ந்து சுற்றியது. லேசாக ஆட்டினாள், உள்ளே ரோட்டார் என்கிற எடைத்தகடு உருளும் சத்தம். கீழ்ப் பொத்தானை அமுக்க, நீள முள் தயக்கமில்லாமல் பன்னிரண்டுக்குத் துள்ளியது. அசல் சரக்கு. நோட்டில் மாடல் நம்பரை எழுதினாள்: 6139.

பிறகு திருப்பிப் பின்மூடியைப் பார்த்தாள்.

கம்பெனி அடித்த வரிசை நம்பர் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. தேய்ந்து போன வழவழப்பு இல்லை. கை வியர்வையில் தேய்ந்தால் ஓரத்திலிருந்து தேயும், சுற்றியுள்ள எழுத்தும் மங்கும். இங்கே நம்பர் இருந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவியிருந்தார்கள். ஐகிளாஸில் அரத்தின் கோடுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தெரிந்தன.

சூடாமணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சாவியை மூடியில் பொருத்தித் திருகினாள். நாலு சுற்றில் கழன்று வந்தது. மூடியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

உள்பக்கம் ஊசியால் கீறிய எழுத்து. கண்ணுக்கு எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும். சூ. 14.6.98.

அவள் கையெழுத்து. ரிப்பேர் பார்த்த ஒவ்வொரு வாட்சிலும் தன் முதலெழுத்தும் தேதியும் கீறுவது தொழிற்சாலையில் படிந்த பழக்கம். ஒன்பதுக்கு வாலை உள்பக்கமாகச் சுழித்து எழுதுவதும் அவள் பழக்கம்தான்.

 இது நல்லகாமனின் வாட்ச். நம்பரை ராவி எடுத்தவன் வீட்டில், சங்கிலி போட்ட கேட்டுக்குள், தனியாக உட்கார்ந்திருக்கிறோம். சுவரில் தேங்காய் வெட்டுகிற அரிவாள் மாட்டியிருந்தது. அவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கும். இப்போதுதான் கண்ணில் பட்டது.

"என்னம்மா, மூச்சே காணோம்?"

"ஒண்ணுமில்லீங்கய்யா. உள்ள அழுக்கு ஏறியிருக்கு."

"மூடியில ஏதோ கிறுக்கியிருக்குல்ல?"

அவள் மூடியைக் கவிழ்த்து ஸ்டூலில் வைத்தாள். 

"மேலூர்ல ஒருத்தன்ட்டத் தெறந்து பாத்தேன்" என்றார் வெள்ளைத்துரை. "ரிப்பேர் பாக்குற ஆளுக அவுகவுக அடையாளத்துக்குப் போடுறதுன்னான். அதப் போட்டது யாருன்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் ஒங்கள வரச் சொன்னேன். இது விக்கிறதுக்கு இல்ல."

இதை எழுதினவரை எதற்குத் தேட வேண்டும்? நம்பரை ராவியாகிவிட்டது, மிச்சம் இருப்பது இந்தக் கீறல் ஒன்றுதான். கீறலை அழிப்பதோடு கீறினவளையும் சேர்த்து அழித்தால் வேலை முடிந்தது. சூடாமணிக்கு இப்படித்தான் யோசனை ஓடியது. எழுந்து ஓடலாம் என்றால் கேட்டில் சங்கிலி கிடந்தது.

"கம்பெனி நம்பரா இருக்கும்" என்றாள். 

"கம்பெனிக்காரன் தமிழ்லயா எழுதுவான்?"

அவர் குனிந்தார். மூடியை எடுக்கவில்லை. ஸ்டூலில் கிடந்த அவளுடைய நோட்டை எடுத்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அவள் சற்றுமுன் எழுதிய நம்பரைப் பார்த்தார். பிறகு ஐகிளாஸை வாங்கி மூடியைப் பார்த்தார். மறுபடி நோட்டை. ஒரு தென்னை மட்டை தோப்பில் எங்கேயோ விழுந்த சத்தத்துக்கு அவள் உடம்பு தூக்கிப்போட்டது.

"ஒம்பதுக்கு வால் சுழிச்சிருக்கீக" என்றார். "இதுலயும் அப்பிடித்தான் இருக்கு. சூடாமணிக்குச் சூ."

அவளுக்குக் கண்ணீர் தானாக வந்தது. "எனக்குப் பையன் இருக்கான்யா" என்று மட்டும் சொன்னாள். என்ன கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளைத்துரை அவளை விநோதமாகப் பார்த்தார். பிறகுதான் அவருக்குப் புரிந்தது போல. இரண்டடி பின்னால் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு அவர் அவ்வளவு பெரிய ஆளாகத் தெரியவில்லை. 

"பயப்படாதீக தாயி. நான் ஒண்ணும் பண்ணிற மாட்டேன். யாருதுன்னு மட்டும் சொல்லுங்க." பிறகு அவரே கேட்டார். "நல்லகாமனா?"

சூடாமணி தலையை ஆட்டினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார். வாட்ச் அவர் மகன் சோலையின் பீரோவில், பழைய சட்டைகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. கேட்டதற்குச் சீட்டாட்டத்தில் ஜெயித்தது என்றானாம். ரெண்டாம் தரம் கேட்டபோது அப்பனென்றும் பாராமல் சட்டையைப் பிடித்துவிட்டான். அந்தக் குவாரியில் லோடு ஏற்றுகிற காண்ட்ராக்ட் சோலையுடையது. நல்லகாமன் காணாமல் போன அன்றைக்கு அவன் நனைந்த துணியோடு வீட்டுக்கு வந்ததை அவர் பார்த்திருக்கிறார். தை மாசத்தில் மழை ஏது?

"மூணு வருசமா எனக்குள்ளயே வச்சுக்கிட்டு இருக்கேன். வேற யாரு வாச்சாவோ இருக்கணும்னு சாமியக் கும்பிட்டேன். இப்பத் தெரிஞ்சு போச்சு." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இத நீங்க கொண்டு போங்க. இங்க இருந்தா அவன் கெணத்துல போட்டுருவான். நாளைக்குக் காலைல நானே மதுரைக்கு வாரேன். போலீசுக்கு ரெண்டு பேருமாப் போவோம். அதுக்குள்ள யாருட்டயும்..."

முடிக்கவில்லை. வெளியே புல்லட் வண்டிச் சத்தம் கேட்டது.

வெள்ளைத்துரை எழுந்த வேகம் அவர் வயசுக்கு மீறியது. "அவன்தான். மத்தியானம் வர மாட்டானே" என்றார் முனகலாக. கேட்டுச் சங்கிலி கலகலத்தது. சூடாமணி வாட்சை ஒரு கையிலும் மூடியை ஒரு கையிலும் அள்ளிப் பைக்குள் போட்டாள், பின்னாலேயே நோட்டையும் ஐகிளாஸையும் வாரிப் போட்டாள். மூடியைத் திருகி மாட்ட நேரமில்லை.

"சுவர்க்கடியாரம் பாக்க வந்திருக்கீக" என்று கிசுகிசுத்தார் அவர்.

உள்ளே வந்த சோலைக்கு முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். சிரித்த முகம். இவனா என்று தோன்றுகிற மாதிரி ஒரு முகம். "யாருப்பா விருந்தாளி?" என்றான்.

"மதுரைல இருந்து வந்திருக்காக. கடியாரம் நின்னு நின்னு போகுதுல்ல, அதப் பாக்க."

சோலை சுவரைப் பார்த்தான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஸ்டூலைப் பார்த்தான். பின்மூடி திறக்கிற சாவி அங்கேயே கிடந்தது. எடுத்து விரலில் சுழற்றினான். "இது எதுக்குக்கா?"

"எல்லா வேலைக்கும்தான் தம்பி. சரிபண்ணியாச்சு. நான் கெளம்புறேன்." அவள் கையை நீட்டினாள். ஒரு நொடி தாமதித்துச் சாவியைக் கொடுத்தான்.

"வாங்க, ரோட்ல விட்டுறேன்."

"நான் கொண்டு போய் விடுறேன்டா" என்றார் வெள்ளைத்துரை.

"இந்த வெயில்ல நீங்க எதுக்குப்பா? நான் அங்கிட்டுத்தான் போறேன்."

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். சூடாமணி பையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு புல்லட்டின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். வெள்ளைத்துரை கேட்டருகில் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வந்த வழியில் போகவில்லை அவன். தோப்பு முடிகிற இடத்தில் இடதுபக்கம் திரும்பினான். "குறுக்கு வழிக்கா" என்றான் திரும்பிப் பார்க்காமலே. ஜல்லி கொட்டிய பாதை, இருபுறமும் உடைகல் குவியல், ஆள் நடமாட்டமே இல்லை. வண்டி குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் பை அவள் தொடையில் இடித்தது. அவளுக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வீட்டில் மட்டும் பேசுகிற பாஷையில் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

ஓரிடத்தில் வண்டி நின்றது. இன்ஜினையும் அணைத்துவிட்டான்.

எதிரே கைவிட்ட குவாரிப் பள்ளம். செங்குத்தாக அறுத்த பாறை. அடியில் பாசி படிந்த பச்சைத் தண்ணீர், அசையாமல். ஊரெல்லாம் மழையில்லாமல் காய்ந்து கிடந்த வருஷம் அது. இந்தத் தண்ணீருக்கு மட்டும் ஆழம் குறையவில்லை.

சோலை இறங்கி அவளைப் பார்த்து நின்றான். "அக்கா, ஒண்ணு கேட்டா உண்மையச் சொல்லணும். எங்கப்பா ஒங்கள்ட்ட மஞ்ச டயல் வாச்சு ஒண்ணு காட்டினாரா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போது கேட்டது அந்தச் சத்தம். இன்ஜின் சத்தம் அடங்கிய அமைதியில் பைக்குள்ளிருந்து சிட்டுக்குருவி கொத்துகிற மாதிரி. வந்த வழியெல்லாம் வண்டி குலுங்கிய குலுக்கலில் ரோட்டார் சுற்றிச் சுற்றி, செத்துக் கிடந்த வாட்சுக்கு உயிர் வந்துவிட்டது. பின்மூடி வேறு இல்லை. அவள் காதுக்கு அது சம்மட்டி அடி மாதிரி கேட்டது.

சோலையின் பார்வை பையின் மேல் விழுந்தது. "என்னக்கா சத்தம்?"

"வாட்ச்தான் தம்பி. வாட்ச்காரி பைல வேற என்ன இருக்கும்?" பைக்குள் கையை விட்டாள். விரல் முதலில் தொட்டது மூடியில்லாத அந்த மெஷினைத்தான். பல்சக்கரம் விரல் நுனியில் நறுக்கென்று உரசியது. தள்ளிவிட்டு, ஒப்பிடப் பார்க்கிற தன் சாவி வாட்சைத் துழாவி எடுத்து நீட்டினாள்.

அவன் அதை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டான். அது காதில் இருக்கிறவரை மற்றது கேட்காது என்று அவளுக்கு உறைத்தது. உடனே பேச ஆரம்பித்தாள். நிறுத்தினால் கேட்டுவிடும் என்று சத்தமாகப் பேசினாள்.

"மஞ்ச வாச்சு காட்டினாரு. விக்கணும்னாரு. நான் வேணாம்னுட்டேன். டயல் பம்பாய்ல பெயிண்ட் அடிச்சது. உள்ள மெஷினும் அதுக்குள்ளது இல்ல, நாலஞ்சு வாச்சப் பிச்சுச் சேத்திருக்கான். பின்னாடி நம்பரும் இல்ல. அதெல்லாம் எவன் கைல இருந்து வந்துச்சுன்னு கடவுளுக்கே தெரியாது. சென்னைல இருக்குற என் சேட்டு அத வாங்கவே மாட்டாரு."

"யாருதுன்னு கண்டுபிடிக்க முடியாதா?"

"எப்பிடி முடியும்? நம்பர் இருந்தாலாவது பாக்கலாம்."

"எங்கப்பா என்ன சொன்னாரு?"

"ஆயிரம் ரூவாயாவது குடுங்கன்னாரு. தர மாட்டேன்னதும் கோவமா உள்ள கொண்டு போயி வச்சிட்டாரு."

வாழ்நாளில் இவ்வளவு பொய்யை அவள் கோத்துச் சொன்னதில்லை. அசல் வாட்சைப் பார்த்து ஒட்டுப்போட்டது என்று சொன்னதும் அதுதான் முதல் தடவை. சோலை பள்ளத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அந்த நேரம் எவ்வளவு என்று பின்னால் போலீசில் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. அரை நிமிஷமும் இருக்கலாம், அஞ்சு நிமிஷமும் இருக்கலாம்.

"பெருசுக்கு வேற வேலையில்ல" என்று சிரித்தான். சாவி வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை உதைத்தான்.

திருச்சி ரோட்டில், டீக்கடை வாசலில் அவளை இறக்கிவிட்டு, பார்த்துப் போங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்று மூன்று தரம் கேட்ட பிறகுதான் அவளுக்கு மதுரை என்ற வார்த்தை வந்தது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வருகிறவரை ஒவ்வொரு புல்லட் சத்தத்துக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

துளசிராம் கேட்டுவிட்டு ஏசவில்லை.  உடனே போலீசுக்குப் போகலாம் என்றார். பெரியவர் வராமல் நாம் மட்டும் போய்ச் சொன்னால், அவரை மகன் என்ன செய்வானோ என்று சூடாமணி தடுத்தாள். அதே சமயம் அந்தப் பெரியவர் வருவார் என்பதிலும் அவளுக்கு நம்பிக்கையில்லை. பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுக்க எந்தத் தகப்பனுக்குக் கால் எழும்? வாட்ச் எங்கே என்று சோலை இந்நேரம் பீரோவைக் குடைந்தால்? விளம்பரத்தில் போன் நம்பர் இருக்கிறது. வீட்டைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

மறுநாள் பத்து மணிக்கு அவர் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. துளசிராம் கதவைத் தாழ்போட்டுவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்குக் கதவு தட்டுகிற சத்தம். சூடாமணி அடுக்களையில் போய் நின்றுகொண்டாள்.

வெள்ளைத்துரைதான். இடது கண் வீங்கி மூடியிருந்தது, உதடு கிழிந்திருந்தது. "வாச்ச எங்க வச்சேன்னு கேட்டான். கெணத்துல போட்டுட்டேன்னு சொன்னேன்" என்றார். "போவமா?"

 ஸ்டேஷனில் தன் மகன் பெயரைச் சொல்லும்போது மட்டும் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

அன்று மாலையே சோலையைப் பிடித்துவிட்டார்கள். எடைச்சீட்டில் லோடைக் குறைத்து எழுதச் சொன்னதற்கு நல்லகாமன் மறுத்ததும், வாய்ச்சண்டை கைகலப்பானதும், அவன் தலை பாறையில் மோதியதும், வாட்சைக் கழற்றிக்கொண்டு உடலைப் பள்ளத்துத் தண்ணீரில் இறக்கியதும் விசாரணையில் வந்தன. மூன்று மோட்டார் வைத்து அந்தப் பச்சைத் தண்ணீரை ஆறு நாள் இறைத்தார்கள். ஆறாம் நாள் நல்லகாமன் கிடைத்தான்.

அதற்கு முன்பே, போலீசுக்குப் போய்வந்த கையோடு, சூடாமணி வாடிப்பட்டிக்குப் போனாள். முத்துச்செல்வி ஷிப்ட் முடிந்து வந்து தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. வாட்ச் கிடைத்துவிட்டது என்று சூடாமணி சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, மேலே எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போயிற்று. எங்கே, யார் வீட்டில் என்று சொல்லி முடித்தபோது முத்துச்செல்வி அழவில்லை.

"அத வித்துத் தின்னுக்கிட்டு எங்கிட்டாவது உசுரோட கெடப்பாருன்னுதானேக்கா ஒங்களத் தேடச் சொன்னேன்" என்றாள். "இதுக்கா தேடச் சொன்னேன்?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சூடாமணி வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். காரியத்துக்குப் போனபோதும் முத்துச்செல்வி அவளிடம் பேசவில்லை.

பயம் விடவில்லை. வழக்கு கோர்ட்டுக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. அதுவரைக்கும் சூடாமணி விளம்பரம் கொடுக்கவில்லை. தெருவில் புல்லட் போனால் கையிலிருந்த இடுக்கி நழுவும். மூடியிலிருப்பது தன் எழுத்துத்தான் என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், சோலை எதிரில் நிற்பான் என்று வக்கீல் சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று துளசிராமிடம் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள்.

அந்தத் தேதியன்று காலையில், கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் முத்துச்செல்வி நின்றிருந்தாள். நெற்றியில் திருநீறு. சூடாமணியைப் பார்த்ததும் வந்து பக்கத்தில் நின்றாள்.  போலீஸ் வேன் வந்து நின்று, கதவு திறந்து, சோலை இறங்கியதைப் பார்த்த சூடாமணி திரும்பி ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

முத்துச்செல்வி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மில்லில் உழைத்த கை, இரும்பு மாதிரி இருந்தது.

"போகாதீகக்கா" என்றாள். "எனக்கும்தான் பயமா இருக்கு. ரெண்டு பேருமாப் போவோம்."

கோர்ட் டவாலி வாசலுக்கு வந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, சூடாமணி நடுங்கிக்கொண்டேதான் படியேறினாள்.